கால் கட்டை ஏறிய முதல் பக்கம்: 'கைன்ட் ஆஃப் ப்ளூ' வேகப் புதிர்

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைன்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டை கொலம்பியா நிறுவனம் 1959 ஆகஸ்ட் 17 அன்று வெளியிட்டது. மோனோ பதிப்பின் எண் சிஎல் 1355, ஸ்டீரியோவுக்கு சிஎஸ் 8163. அன்று முதல் 1992 வரை வந்த பிரதிகளில், எல்பி ஆனாலும் சிடி ஆனாலும், முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் சுமார் கால் கட்டை, அதாவது பியானோவில் அடுத்தடுத்த இரண்டு விசைகளின் இடைவெளியில் பாதி, சுருதி ஏறி ஒலித்தன. வேகமும் அதே அளவு கூடியிருந்தது. இரண்டாம் பக்கத்தில் இந்தக் கோளாறு இல்லை. ஜாஸ் வரலாற்றிலேயே அதிகம் விற்ற தட்டுகளில் ஒன்று, 33 ஆண்டுகள் இப்படி ஓடியிருக்கிறது.

காரணம் இன்று தெரிந்ததுதான்: பதிவு நாளில் டேப் இயந்திரம் மெதுவாக ஓடியது. ஆனால் கையில் இருக்கும் பிரதி எந்த வகை என்பதைத் தீர்மானிப்பதில் இன்னும் குழப்பம் தீரவில்லை. விற்பவர் எழுதும் விவரக்குறிப்பு, உறையில் அச்சிட்ட தகவல், லேபிளின் வயது, தட்டில் கீறிய எண் எல்லாம் ஒவ்வொரு திசையைக் காட்டும். இவற்றில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இந்தத் தட்டைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம்.

பதிவு விவரம்

இடம் நியூயார்க்கில் கொலம்பியாவின் 30ஆம் தெரு ஸ்டூடியோ. முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். தயாரிப்பாளர் இர்விங் டவுன்சென்ட், ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் பிளாட். பதிவு இரண்டு நாட்களில் முடிந்தது.

1959 மார்ச் 2 அன்று 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' (சிஓ 62290), 'சோ வாட்' (சிஓ 62291), 'ப்ளூ இன் கிரீன்' (சிஓ 62292). ஏப்ரல் 22 அன்று 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்' (சிஓ 62293), 'ஆல் ப்ளூஸ்' (சிஓ 62294). டிரம்பெட்டில் டேவிஸ், டெனர் சாக்ஸில் ஜான் கோல்ட்ரேன், ஆல்டோவில் கேனன்பால் ஆடர்லி, பியானோவில் பில் எவன்ஸ், பாஸில் பால் சேம்பர்ஸ், டிரம்ஸில் ஜிம்மி காப். 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' ஒன்றுக்கு மட்டும் பியானோ வின்டன் கெல்லி. 'ப்ளூ இன் கிரீன்' பதிவில் ஆடர்லி இல்லை.

சிஓ என்று தொடங்குவது மேட்ரிக்ஸ் எண். பதிவான உருப்படிக்கு நிறுவனம் கொடுத்த வரிசை எண் அது. தட்டில் எந்தப் பக்கத்தில், எத்தனையாவதாக வருகிறது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

மேலே உள்ள பட்டியலிலேயே முக்கியமான தடயம் ஒன்று இருக்கிறது. மார்ச் 2 அன்று பதிவானவை அத்தனையும் முதல் பக்கம். ஏப்ரல் 22 அன்று பதிவானவை அத்தனையும் இரண்டாம் பக்கம். பதிவு நாளும் தட்டின் பக்கமும் இப்படிப் பிசகில்லாமல் பொருந்திய தற்செயல்தான் பிழையை இத்தனை காலம் மறைத்து வைத்தது. இரண்டு நாள் பதிவையும் ஒரே பக்கத்தில் கலந்து வைத்திருந்தால், அடுத்தடுத்து வரும் உருப்படிகளில் பியானோவின் சுருதி இடறியிருக்கும். தட்டு வெட்டும் அறையிலேயே யாராவது தலையை நிமிர்த்தியிருப்பார்கள்.

டேப் மெதுவாக ஓடினால் இசை ஏன் விரைகிறது

அந்த நாளைய வழக்கப்படி இரண்டு டேப் இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடின. ஒன்று முதன்மை, மற்றொன்று காப்பு. இரண்டும் மூன்று தடம் கொண்டவை. ஒரே வாசிப்பு, ஒரே மைக்குகள், இரண்டு ரீல்கள். மார்ச் 2 அன்று முதன்மை இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. மெதுவாக ஓடும் டேப்பில் ஒரு வினாடி இசை குறைந்த நீளத்திலேயே பதிந்துவிடும். அதைச் சரியான வேகத்தில் ஓடும் வேறு இயந்திரத்தில் போட்டால் அந்த நீளம் ஒரு வினாடிக்கு முன்பே தலையைக் கடந்துவிடும். சுருதி ஏறும், தாளம் விரையும்.

அளவைப் பார்ப்போம். அரை ஸ்வர இடைவெளி, அதாவது அரை கட்டை, 100 சென்ட். கால் கட்டை என்றால் 50 சென்ட், அதாவது வேகத்தில் 2.93 சதவீதம். வினாடிக்கு 15 அங்குலம் ஓட வேண்டிய டேப் 14.57 அங்குலம் ஓடியிருந்தால் இந்த வித்தியாசம் வரும். அரை அங்குலத்துக்கும் குறைவு. டேப் ஓடுவதைக் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதே இயந்திரத்திலேயே பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டால் காதுக்கும் தெரியாது, ஏனென்றால் மெதுவாகப் பதிந்தது மெதுவாகவே ஓடும். இன்னொரு இயந்திரத்துக்குப் போகும்போதுதான் சுருதி ஏறுகிறது. மிக்ஸ் செய்தவர்களுக்கு, அதாவது மூன்று தடங்களையும் கலந்து இறுதி ஒலியைத் தயாரித்தவர்களுக்கு, கிடைத்தது ஏறிய சுருதி மட்டுமே. ஒப்பிட வேறொன்று அவர்கள் கையில் இல்லை.

மோனோ, ஸ்டீரியோ இரண்டு மிக்ஸும் அந்த முதன்மை ரீலிலிருந்து வந்தவை. ஆகவே மோனோ பிரதி வாங்கினால் தப்பித்துவிடலாம் என்ற எண்ணத்துக்கு அடிப்படை இல்லை.

1992இல் கொலம்பியாவின் 'மாஸ்டர்சவுண்ட்' தங்க சிடி வரிசைக்காக ஒலிப்பொறியாளர் மார்க் வைல்டர் இந்தப் பதிவைத் தயாரித்தபோது காப்பு ரீலைப் போட்டுப் பார்த்தார். அதன் சுருதி, அதுவரை வெளியானதோடு ஒத்துப்போகவில்லை. ஒரே வாசிப்பின் இரண்டு பதிவுகள் வெவ்வேறு சுருதியில் இருந்தால் ஏதோ ஒரு இயந்திரம் தவறியிருக்கிறது என்பது மட்டும் உறுதி. எது தவறியது என்பதற்குத் தனிச் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி பியானோ. டிரம்பெட்டும் சாக்ஸும் ஊதுபவரின் உதட்டுக்கு வளையும். பாஸில் விரல் நகர்ந்தால் சுருதி நகரும். பியானோ அப்படி இல்லை. பெரிய நிறுவனத்தின் ஸ்டூடியோப் பியானோவை யாரும் கால் கட்டை ஏற்றிச் சுருதி சேர்த்து வைக்க மாட்டார்கள். காப்பு ரீலில் பியானோ வழக்கமான 440 ஹெர்ட்ஸ் சுருதியோடு ஒத்துப்போனது. தவறு முதன்மை ரீலில்தான்.

ஏன் காதில் விழவில்லை

உண்மையில் சிலர் காதில் விழுந்தது. தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்களுக்கு 'சோ வாட்' எந்தக் கட்டையிலும் அமராமல் நழுவியது. அவர்களில் பெரும்பாலோர் தங்கள் டர்ன்டேபிளைக் குறை சொல்லியிருப்பார்கள். பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள் அரை சதவீதம், ஒரு சதவீதம் பிசகுவது சகஜம். வேகத்தைக் கொஞ்சம் இழுத்துச் சரிசெய்துகொண்டு வாசித்தவர், அடுத்த பக்கத்துக்குத் திரும்பும்போது மீண்டும் மாற்ற வேண்டியிருப்பதைக் கவனித்திருந்தால் புதிர் அப்போதே அவிழ்ந்திருக்கும்.

'சோ வாட்' விஷயத்தில் ஒரு வேடிக்கை. அந்த உருப்படி 32 அளவை, அதாவது 32 தாளச் சுற்று, கொண்டது. முதல் 16 அளவை டி-யை ஆதாரமாகக் கொண்ட டோரியன். நம் கணக்கில் இரண்டு கட்டையில் கரகரப்பிரியா. அடுத்த 8 அளவை அப்படியே அரை கட்டை ஏறி இரண்டரைக் கட்டையில். கடைசி 8 மறுபடி இரண்டு கட்டை. கால் கட்டை ஏறிய தட்டில் 'இரண்டு கட்டை' வந்து நிற்பது, உருப்படியின் சொந்த இரு ஆதாரங்களுக்கும் நட்டநடுவில். கேட்டு எழுதிக்கொள்ள முயன்றவர், இது தாழ்ந்த இரண்டரையா, உயர்ந்த இரண்டா என்று தடுமாறியதில் வியப்பில்லை.

சும்மா கேட்பவருக்கோ பக்கம் திருப்பும் இடைவெளியிலேயே சுருதி நினைவு கலைந்துவிடும். சிடியில் அந்த இடைவெளி சில வினாடிதான். ஆனாலும் 'ப்ளூ இன் கிரீன்' முடிந்து 'ஆல் ப்ளூஸ்' ஐந்து கட்டையில் தொடங்கும்போது ஆதார ஸ்வரமே மாறிவிடுவதால் ஒப்பிட எதுவும் கையில் நிற்காது.

உங்கள் பிரதியைச் சோதிக்கும் முறை

இந்தச் சோதனைக்கு ஸ்டூடியோ வேண்டாம். வேகம் நிலையான டர்ன்டேபிள், கணினியில் பதிவு செய்ய ஒரு இணைப்பு, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் அல்லது சென்ட் காட்டும் டியூனர் செயலி, இவ்வளவுதான். சோதனையின் உயிர்நாடி ஒன்று: இரண்டாம் பக்கத்தை அளவுகோலாக வைப்பது. டர்ன்டேபிளின் பிழை இரு பக்கத்துக்கும் ஒரே அளவில் சேரும். டேப்பின் பிழை முதல் பக்கத்துக்கு மட்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் டர்ன்டேபிள் கணக்கிலிருந்து விலகிவிடும்.

முதலில் தட்டு சுழலும் வேகத்தைக் கூடியவரை சரிசெய்யுங்கள். ஸ்ட்ரோப் தட்டு (கோடுகள் அச்சிட்ட வட்டு; வேகம் சரியென்றால் விளக்கொளியில் கோடுகள் நகராமல் நிற்பதுபோல் தெரியும்) பயன்படுத்தினால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 180 கோடு உள்ள வளையத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவுக்கான 60 ஹெர்ட்ஸ் வளையத்தில் 216 கோடு இருக்கும். நியான் விளக்கு சிறந்தது. பல எல்இடி விளக்குகள் மின்சாரத்தின் துடிப்போடு ஒத்துத் துடிப்பதில்லை, கோடுகள் வெறுமனே மங்கும். முள் தட்டில் இறங்கிய நிலையில் பாருங்கள், ஏனென்றால் முள்ளின் இழுப்பு வேகத்தைச் சற்றே குறைக்கும். கைப்பேசியைத் தட்டின் மேல் வைத்துச் சுழற்சியை அளக்கும் செயலிகள் உதவும், ஆனால் கைப்பேசியின் எடை மென்மையான சஸ்பென்ஷன் உள்ள டர்ன்டேபிளை அமுக்கிவிடும். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சின்க்ரனஸ் மோட்டார் (மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பின்பற்றிச் சுழலும் மோட்டார்) டர்ன்டேபிளில் 50 ஹெர்ட்ஸுக்கு உரிய புல்லியை மாற்றவில்லை என்றால், அது நிமிடத்துக்கு 27.8 சுற்றில் ஓடும். அது யாருக்கும் தெரிந்துவிடும். தோராயமாகக் கடைந்த புல்லி போட்டால் வரும் ஒன்றிரண்டு சதவீதப் பிசகுதான் ஆளை ஏமாற்றும்.

அடுத்து எந்த இடத்தை அளப்பது என்பது. முதல் பக்கத்தில் 'சோ வாட்' தொடங்கி, பியானோவும் பாஸும் தாளமில்லாமல் வாசிக்கும் முன்னுரை முடிந்ததும், பாஸ் கேள்வி கேட்க பியானோ இரண்டு கார்டுகளில் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) பதில் சொல்லும். முதல் 8 அளவையில் பதில் பியானோவுடையது மட்டும். அதன்பின் ஊதுகருவிகள் சேர்ந்துவிடும். ஆகவே அந்த 8 அளவையே நமக்கு வேண்டியது. இரண்டு கார்டில் முதலாவது நீளமானது. அதன் உச்சி ஸ்வரம் பி, ஏழு கட்டை. சரியான வேகத்தில் அது 493.9 ஹெர்ட்ஸ். கால் கட்டை ஏறிய பிரதியில் 508.4 ஹெர்ட்ஸ். டியூனரில் பி-க்கு மேல் 50 சென்ட் என்றோ சி-க்குக் கீழ் 50 சென்ட் என்றோ முள் ஊசலாடும். இரண்டும் ஒன்றுதான்.

ஆடாசிட்டியில் அலைவரிசை வரைபடம் எடுக்கும்போது மாதிரி அளவை 32768 என்று வைத்தால் 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 1.35 ஹெர்ட்ஸ் துல்லியம் கிடைக்கும். தேடும் வித்தியாசம் 14 ஹெர்ட்ஸுக்கு மேல் என்பதால் இது தாராளம். ஆனால் அந்த அளவுக்கு முக்கால் வினாடி நீளத் துண்டு தேவை. கார்டு அதைவிடக் குட்டை என்றால் 8192க்கு இறங்கலாம், 5.4 ஹெர்ட்ஸ் துல்லியமும் இங்கே போதும்.

இரண்டாம் பக்கத்தில் 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்' தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பியானோ நிதானமாக சி-யைச் சுற்றி நிற்கும். சி, ஜி இரண்டும் டியூனரில் சுழியத்தை ஒட்டி வர வேண்டும். முதல் பக்கம் +62 சென்ட், இரண்டாம் பக்கம் +12 சென்ட் என்று வந்தால், 12 சென்ட் உங்கள் டர்ன்டேபிளுடையது, அதாவது 0.7 சதவீத வேகம். மீதி 50 சென்ட் டேப்புடையது. இரண்டு பக்கமும் +12 என்றால் உங்கள் பிரதி திருத்தப்பட்டது. டர்ன்டேபிளுக்குத்தான் வைத்தியம் வேண்டும்.

தவறு நேரும் இடங்கள் சில. நடுத்துளை விலகிய தட்டில் சுருதி 1.8 வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். துளை அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால், பள்ளத்தின் ஆரம் 100 மில்லிமீட்டர் உள்ள இடத்தில் இரு புறமும் சுமார் 9 சென்ட் ஆட்டம். உள்ளே 60 மில்லிமீட்டருக்கு வரும்போது 14 சென்ட். எனவே ஒரே ஒரு கார்டை அளந்து முடிவு சொல்லக் கூடாது. அந்த 8 அளவைக்குள் வரும் எல்லாப் பதில்களையும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். டிரம்பெட்டை அளப்பது வீண். டேவிஸ் ஸ்வரத்தை வளைத்துத் தொடும் இடங்கள் ஏராளம். சேம்பர்ஸின் பாஸுக்கும் அதே நிலை.

மின்சார இரைச்சலை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. தத்துவம் சரி: அமெரிக்க 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் பதிவின்போதே டேப்பில் ஏறியிருந்தால் வேகமான பக்கத்தில் 61.8 ஆகத் தெரியும். நம் வீட்டு இரைச்சல் 50 என்பதால் கலக்காமல் பிரித்தும் பார்க்கலாம். ஆனால் மிக்ஸ் செய்யும்போதும் தட்டு வெட்டும்போதும் சேர்ந்த இரைச்சல் நகராமல் 60இலேயே நிற்கும். எது எங்கே சேர்ந்தது என்று பிரிக்க முடியாத சாட்சி, துணைக்கு ஆகும், தீர்ப்புக்கு ஆகாது.

நேரத்தை வைத்துச் சோதிப்பவர்கள் 'ப்ளூ இன் கிரீன்' உருப்படியைப் பயன்படுத்த வேண்டும். 'சோ வாட்' ஒலி மங்கி முடிவது. மங்கலை எங்கே நிறுத்தினார்கள் என்பதைப் பொறுத்து நீளம் மாறும். 'ப்ளூ இன் கிரீன்' தானாக முடிகிறது. திருத்திய சிடியில் 5 நிமிடம் 37 வினாடி. வேகமான பதிப்பில் கணக்குப்படி 5:27 அளவில் வர வேண்டும். முதல் ஒலியிலிருந்து கடைசி ஒலி அடங்கும் வரை நீங்களே அளக்க வேண்டும். உறையிலும் லேபிளிலும் அச்சிட்ட நிமிடக் கணக்கு இதற்கு உதவாது.

எந்தப் பதிப்பு எது

ஆறு கண் லேபிள், அதாவது லேபிளின் ஓரங்களில் கொலம்பியாவின் தாய் நிறுவனமான சிபிஎஸ்ஸின் கண் சின்னம் ஆறு முறை வரும் முதல் காலப் பிரதி, சுருதி ஏறியதே. 1962 வாக்கில் வந்த இரண்டு கண் லேபிளும் அப்படியே. லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் இடையில் உள்ள எண்ணில் எக்ஸ்எல்பி என்றால் மோனோ, எக்ஸ்எஸ்எம் என்றால் ஸ்டீரியோ. இறுதியில் வரும் 1ஏ, 1பி போன்ற எழுத்துகள் எந்த லாக்கர் (அச்சுக்கு மூலமாக முதலில் வெட்டும் தட்டு) வெட்டிலிருந்து அச்சானது என்பதைக் காட்டும். 1ஏ பிரதிக்கு விலை எகிறுவது அதன் ஒலித்தெளிவுக்காகவும் அபூர்வத்துக்காகவும் நியாயமாக இருக்கலாம். வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எல்லா லாக்கரும் ஒரே மிக்ஸ் டேப்பின் பிள்ளைகள்.

சிடிகளில் 1980களின் சிகே 40579 வேகமானது. 1992 மாஸ்டர்சவுண்ட் தங்க சிடி சிகே 52861 திருத்தியது. 1997இல் வந்த சிகே 64935 திருத்தியது. அதில் 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்' மாற்று டேக்கும், அதாவது அதே உருப்படியை இன்னொரு முறை வாசித்த பதிவும், உண்டு. கிளாசிக் ரெக்கார்ட்ஸ் 1990களில் வெளியிட்ட இரண்டு தட்டுத் தொகுப்பு முதல் பக்கத்தை இரண்டு வேகத்திலும் தந்தது. ஒரே டர்ன்டேபிளில் அடுத்தடுத்துக் கேட்டுக் காதைப் பழக்கிக்கொள்ள அதைவிட வசதியானது இல்லை.

1992க்குப் பின் அச்சானது என்பதாலேயே சரியானது என்று எடுத்துக்கொள்வது பெரிய பொறி. ஐரோப்பாவில் அப்போது இருந்த 50 ஆண்டு விதிப்படி இந்தப் பதிவின் உரிமை 2009 முடிவோடு காலாவதியானது. அதன்பின் அங்கே பல சிறு நிறுவனங்கள் இதை எல்பியாக அச்சிட்டன. எந்த மூலத்திலிருந்து எடுத்தார்கள் என்று உறையில் சொல்லாதவை அவற்றில் உண்டு. மூலம் திருத்திய சிடியாக இருந்தால் வேகம் சரி. பழைய சிடியோ எல்பியோ ஆனால் வேகம் தவறு. புத்தம் புது 180 கிராம் தட்டு என்ற அடைமொழி இதில் எதையும் சொல்லாது. கேட்டு அளப்பது ஒன்றே வழி.

பெயர் மாறிய இரண்டு உருப்படிகள்

இரண்டாம் பக்கத்துக்கு வேகக் கோளாறு இல்லை. அதற்கென்று தனிக் கோளாறு ஒன்று உண்டு. ஆரம்பப் பிரதிகளின் லேபிளில் முதலில் 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்', அடுத்து 'ஆல் ப்ளூஸ்'. தட்டில் ஒலிப்பதோ நேர்மாறாக. பின்னுறையில் பில் எவன்ஸ் பெயரில் வந்த கட்டுரையிலும் விளக்கம் இடம் மாறியிருந்தது. 6/8 தாளத்தில் 12 அளவை ப்ளூஸ் என்று ஃபிளமெங்கோவையும், ஐந்து ஸ்கேல்களின் தொடர் என்று ஆல் ப்ளூஸையும் அது விவரித்தது.

இசையைக் கேட்டவர்களுக்கு இதில் சந்தேகமே வர வேண்டியதில்லை. ஐந்து ஸ்கேல் கொண்ட உருப்படியில் நான்காவதாக வரும் ஃப்ரிஜியன் என்ற ஸ்கேல் பகுதிதான் ஸ்பானிய மணம் வீசுவது; ஃபிளமெங்கோ என்ற பெயருக்குக் காரணமும் அது. 6/8 உருப்படி முழுக்க ப்ளூஸ். பிற்காலச் சான்றும் உண்டு: 1964 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் ஃபில்ஹார்மானிக் ஹாலில் நடந்த கச்சேரிப் பதிவில் டேவிஸ் குழு வாசித்த 'ஆல் ப்ளூஸ்' இந்த 6/8 உருப்படிதான். ஆனாலும் லேபிள் திருத்தப்பட்ட பிறகும் உறையில் பிழை நெடுநாள் தொடர்ந்தது. லேபிள் ஒன்றும் உறை வேறொன்றும் சொல்லும் பிரதிகள் அதனால்தான். அவை உறை மாறிய கலவைகள் என்று ஒதுக்க வேண்டியதில்லை, அப்படியே கடையிலிருந்து வந்திருக்கலாம்.

இந்த இடமாற்றம் எப்படி நடந்தது? மேட்ரிக்ஸ் எண்ணைப் பாருங்கள். 62293 ஃபிளமெங்கோ, 62294 ஆல் ப்ளூஸ். தவறான லேபிளின் வரிசையும் அதே. பதிவு வரிசையைப் பார்த்து யாரோ லேபிளைத் தட்டச்சு செய்துவிட்டார்கள், தட்டின் வரிசை பின்னால் மாறியது என்று ஊகிக்கத் தோன்றும். கவர்ச்சியான ஊகம், ஆனால் பாதிதான் நிற்கிறது. முதல் பக்கத்தில் மேட்ரிக்ஸ் வரிசைப்படி 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' முதலில் வர வேண்டும். லேபிளில் 'சோ வாட்' முதலில் சரியாகவே இருக்கிறது. மேலும் கட்டுரையில் இடம் மாறியது வரிசை அல்ல, விளக்கம். ஒரு பிழை இரண்டு இடத்துக்குப் பரவியது, லேபிளைப் பார்த்துக் கட்டுரையைத் 'திருத்தினார்கள்' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அதே பின்னுறையில் ஆடர்லியின் பெயரில் ஒரு எழுத்து விடுபட்டிருக்கும். இது பழைய உறை என்பதற்கு அடையாளமாக உதவும், உள்ளே இருக்கும் தட்டின் வயதுக்கு அல்ல. உறையும் தட்டும் தனித்தனியாக அச்சாகி, பின்னர் ஒன்று சேர்ந்தவை. பழைய உறையில் புதிய தட்டைச் சொருகி விற்பது அரிதும் இல்லை.

எல்லாமே முதல் டேக் என்ற கதையும் அந்தக் கட்டுரையிலிருந்து முளைத்ததுதான். ஒவ்வொன்றிலும் முழுமையாக வாசித்த முதல் வாசிப்பே தேர்வானது என்பதே அங்கே சொல்லப்பட்டது. தொடங்கி நிறுத்தியவற்றுக்கும் ஸ்டூடியோவில் டேக் எண் ஏறும். 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்' அந்தக் கூற்றுக்கும் அடங்காது. வெளியானது ஆறாவது டேக்; முதல் டேக்கே முழு வாசிப்புதான், 1997 சிடியில் கேட்கலாம்.

பட்டியலில் எழுதும்போது

டிஸ்கோகிராஃபி (இசைத்தட்டு விவரப் பட்டியல்) பதிவில் பலர் 'வேகப் பிழை' என்று ஒரு சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. எந்தப் பக்கம், எந்தத் திசையில், எவ்வளவு சென்ட், எதை அளவுகோலாக வைத்து அளந்தது என்ற நான்கும் வேண்டும். 'பக்கம் 1, இரண்டாம் பக்கத்தோடு ஒப்பிட +50 சென்ட், பியானோவில் அளந்தது' என்று எழுதினால் அடுத்தவர் சரிபார்க்கலாம். ரீலின் பெயரையும் குறிப்பிட வேண்டும். முதன்மை ரீலும் காப்பு ரீலும் ஒரே வாசிப்பு என்பதால் மேட்ரிக்ஸ் எண்ணும் டேக் எண்ணும் இரண்டுக்கும் ஒன்றே. அந்த எண்களை மட்டும் பார்ப்பவருக்கு 1959 தட்டும் 1992 சிடியும் வேறு வேறு மூலத்திலிருந்து வந்தவை என்பது தெரியாமலே போகும்.

பழைய பிரதியைச் சரியான சுருதியில் கேட்க விரும்பினால், பிட்ச் ஸ்லைடர் உள்ள டர்ன்டேபிளில் முதல் பக்கத்துக்கு மட்டும் −2.8 அல்லது −2.9 சதவீதம் வையுங்கள். நிமிடத்துக்கு 32.4 சுற்று. பக்கம் திருப்பும்போது சுழியத்துக்குக் கொண்டுவர மறக்கக் கூடாது. கணினியில் செய்வதானால் வேகத்தை மாற்றும் கருவியில் −2.85 கொடுக்க வேண்டும். சுருதியை மட்டும் மாற்றும் கருவி தாளத்தை விரைந்தபடியே விட்டுவிடும், ஜிம்மி காப் வாசிக்கும் சிம்பல் ஒலியிலும் மண்ணைப் போடும். தாளத்தை மட்டும் மாற்றும் கருவியில் சுருதி இறங்காது. டேப் செய்த தவறு இரண்டையும் சேர்த்தே மாற்றியது. மீட்பதும் இரண்டையும் சேர்த்தே செய்தாக வேண்டும்.

திருத்திய கோப்பைத் தனிப் பெயரில் சேமித்து, முள் எடுத்தபடி வந்த மூலப் பதிவைத் தொடாமல் வையுங்கள். 1959 முதல் 1992 வரை இசைக்கலைஞர்கள் கேட்டுக் கற்றது அந்த வேகமான பக்கத்தைத்தான். அந்தக் காலத்தில் யாராவது 'சோ வாட்' உருப்படியை எந்தச் சுருதியில், எந்த நடையில் வாசித்தார்கள் என்று ஆராய வேண்டி வந்தால் திருத்திய சிடி பயன்படாது.